விசில்காரன் வராத நாள்

அந்தக் கட்டுமானத் தளத்தில் அவருடைய பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. மேல்வீட்டுக்காரர் என்றால்தான் தெரியும். டவர் கிரேன் ஓட்டுகிறவர். காலையில் ஏணியைப் பிடித்து ஏறி, உச்சியில் தொங்கும் கண்ணாடிக் கூண்டுக்குள் போய் உட்கார்ந்தாரென்றால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் இறங்குவார். நடுவில் ஒன்றுக்கு வந்தால் அதற்கும் ஒரு பாட்டில் கூடவே இருக்கும். "வாடகை கிடையாது, காற்றுக்குக் குறைச்சல் இல்லை, பக்கத்து வீட்டுச் சண்டை இல்லை, உமக்கென்னய்யா ராஜா" என்று கீழே இருப்பவர்கள் கேலி செய்வார்கள். அவரும் சிரித்துவைப்பார். அந்த ராஜா அங்கே தனியாக உட்கார்ந்து எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது அவர்களுக்குத் தெரியாது.

அவருக்குக் கீழே நின்று வாக்கி-டாக்கியில் சைகை சொல்லும் சிக்னல்காரன் அவருடைய சொந்த மச்சினன், மனைவியின் தம்பி. கூண்டுக்குள் இருப்பவருக்குச் சுமை எங்கே போய் உட்கார்கிறது என்பது பாதி நேரம் தெரியாது. கீழே இருப்பவன் சொல்கிற சொல்தான் கண். "தூக்கு... நிறுத்து... இடது பக்கம் ஒரு அடி... இப்ப மெதுவா இறக்கு... இறக்கு... வச்சிடு" என்று அவன் சொல்ல, இவர் கைப்பிடியை அசைக்க, இரும்புக் கம்பிக்கட்டு தூங்குகிற குழந்தையைப் படுக்க வைத்தமாதிரி தரையில் போய் உட்காரும். இவர் "வச்சாச்சு" என்பார். அடுத்த சுமை.

மச்சினனுக்கு உயரம் என்றால் குலை நடுங்கும். வீட்டில் பல்பு மாற்ற முக்காலி மேல் ஏறமாட்டான். அக்காதான் ஏறுவாள், இவன் முக்காலியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வான். கிரேன் வேலைக்கு வந்து சேர்ந்தவன் ஒரு நாளும் அந்த ஏணியில் முதல் படியைத் தாண்டியதில்லை. தளத்தில் இதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் கிடையாது. மேல்வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கமாட்டார். பயம் என்றால் என்னவென்று அவருக்கு நன்றாகவே தெரியும்.

நாலு வருஷத்துக்கு முன்னால், வேறொரு தளத்தில், அவர் கிரேனில் தூக்கிய பலகைக்கட்டு நடுவானில் அறுந்து விழுந்தது. கீழே நின்றிருந்தவன் கட்டு கட்டுகிற வேலைக்காரன். வாக்கி-டாக்கியைவிட வாயால் அடிக்கிற விசிலைத்தான் அதிகம் நம்புவான். அதனால் விசில்காரன் என்று பெயர். இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிக்கிறவர்கள். கூண்டின் தரையில் காலுக்கடியிலும் கண்ணாடி உண்டு. அந்தக் கண்ணாடி வழியாகத்தான் இவர் பார்த்தார். அவன் நிமிர்ந்து மேலே பார்த்தான். விசிலடிக்க உதட்டைக் குவித்திருந்தான். சத்தம் வரவில்லை.

அவன் சாவுக்கு விசாரணை நடந்தது. கட்டின் வார் உள்ளுக்குள் இற்றுப்போயிருந்தது, ஓட்டியவர் மேல் தப்பு இல்லை என்று முடிந்தது. எல்லாரும் தோளைத் தட்டினார்கள். கொஞ்ச நாள் வீட்டில் இருந்துவிட்டு மறுபடி ஏறினார். ஏற்றத் தெரியும், இறக்கத் தெரியும், வேறு எதுவும் தெரியாது. என்ன செய்வார்?

முதல் தடவை அது வந்தது சாப்பாட்டு நேரத்தில். வீட்டுச் சமையலறையில் குக்கர் விசில் அடித்தது. அவ்வளவுதான், நெஞ்சு தறிகெட்டு அடித்துக்கொண்டது, உள்ளங்கை வியர்த்தது, மூச்சு பாதியில் நின்றது, செத்துவிடப்போகிறோம் என்று நிச்சயமாகத் தெரிந்தது. கண்ணுக்கு முன்னால் அந்த முகம், நிமிர்ந்து பார்க்கிற முகம், குவிந்த உதடு. மனைவிக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அள்ளிப்போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். இசிஜி எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். ஒரு சின்ன வயது டாக்டர் வந்து, "இதயத்துல ஒண்ணும் இல்ல. அந்த விபத்தோட பாதிப்பு. பயம். மனநல டாக்டரைக் கட்டாயம் பாருங்க, விட்டுடாதீங்க" என்றார்.

இதில் குடும்பம் காதில் வாங்கியது முதல் பாதியை மட்டும். இதயத்தில் ஒன்றும் இல்லை! மனைவிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இரண்டாம் பாதிக்கு அவர் ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிட்டார்: "நான் என்ன பைத்தியமா?" அதோடு, மனநல டாக்டரிடம் போனது கம்பெனிக்குத் தெரிந்தால் கிரேனில் ஏற்றுவார்களா? மூன்று பேரும் வாயை இறுக்கி மூடிக்கொண்டார்கள்.

அது போகவில்லை. மாதத்துக்கு இரண்டு, சில மாதம் வாரத்துக்கு இரண்டு. ஒவ்வொரு தடவையும் அவர் சொல்வது ஒன்றே: "இந்தத் தடவை பயம் இல்ல, நிஜமாவே நெஞ்சு வலி." ஒவ்வொரு தடவையும் இசிஜி சுத்தம். போகப்போக அவசரப் பிரிவில் நர்ஸுகள் அவரைக் கண்டால் லேசாகச் சிரிக்க ஆரம்பித்தார்கள். அந்தச் சிரிப்பில் அவருக்கு மானம் போயிற்று. ஆஸ்பத்திரிக்குப் போவதை நிறுத்திவிட்டார்.

அப்போதுதான் மச்சினன் அந்த வித்தையைக் கண்டுபிடித்தான். ஒருநாள் மேலே கூண்டில் இருக்கும்போது அது வந்துவிட்டது. கீழே சைகைக்காகக் காத்திருந்தவன் காதில் மூச்சிரைக்கிற சத்தம் மட்டும் கேட்டது. பையனுக்குப் பதறியது. ஏறிப்போகவும் துணிவில்லை. வேறு யாருக்கும் கேட்காத இன்னொரு சேனலுக்கு மாறச் சொல்லிவிட்டு, தெரிந்த ஒரே பாஷையில் பேச ஆரம்பித்தான். "மாமா, ஒண்ணுமில்ல. சுமை மேல தொங்குது, அவ்வளவுதான். நாம இறக்கிடலாம். மெதுவா... இறக்கு... மூச்சை விடுங்க... இறக்கு... அவசரமே இல்ல... வச்சிடு." அவரும் கண்ணை மூடிக்கொண்டு நெஞ்சிலிருந்த பாரத்தை அங்குலம் அங்குலமாக இறக்கினார். கடைசியில் "வச்சாச்சு" என்றார். நிஜமாகவே வைத்தாகிவிட்டது! அன்றிலிருந்து அதுதான் மருந்து. வாக்கி-டாக்கி பட்டனை இரண்டு தடவை தட்டினால் அவன் சேனல் மாறுவான், சுமையை இறக்குவான்.

நல்ல வித்தைதான், குறை சொல்ல முடியாது. ஆனால் அது சரியாகப் போனதால்தான் எல்லாம் சரியாக இருக்கிறது என்று மூன்று பேரும் நினைத்துக்கொண்டார்கள். அவர் தூங்குவது கோழித் தூக்கம். முன்பு தொடாத சிகரெட் இப்போது சட்டைப்பையில் நிரந்தரக் குடித்தனம். வருடாந்திரப் பரிசோதனையில் ரத்த அழுத்தம் கூடியிருக்கிறது என்றால், "இப்பதாங்க படியேறி வந்தேன்" என்று ஒவ்வொரு வருஷமும் அதே படியை ஏறுவார். வீட்டில் மனைவி குக்கரைப் பரணில் தூக்கிப் போட்டுவிட்டு, திறந்த பானையில் சோறு வடித்தாள். மனுஷனுக்குச் சத்தம் ஆகவில்லை என்பது அவள் கணக்கு. விசில்காரன் முகம் வருகிறது என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அவன் நிரந்தரமாக வீட்டுக்குள் வந்துவிடுவான் என்று பயந்தார்.

அன்றைக்கு வெயில் ஏறிய நேரம். கம்பிக்கட்டு ஒன்று வானத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைத் தளத்துக்கு மேல் திருப்பும்போது நெஞ்சுக்கு நடுவில் யாரோ முட்டியை வைத்து அழுத்தியது போல இருந்தது. தாடை கனத்தது. முதுகில் சட்டை நனைந்து ஒட்டியது. கீழே நாலைந்து பேர் கட்டைப் பிடிக்கக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். அவருக்கு ஒரே பயம்தான்: இன்னொரு தடவை விழக்கூடாது. பல்லைக் கடித்துக்கொண்டு, மச்சினனின் சொல்லைப் பிடித்துக்கொண்டு, கட்டை இறக்கி வைத்தார். கொக்கி கழன்றது. அப்புறம்தான் பட்டனை இரண்டு தடவை தட்டினார்.

"வந்துட்டேன் மாமா," என்றது மச்சினன் குரல். "ஒண்ணுமில்ல. கண்ணை மூடுங்க. மெதுவா... இறக்கு..."

அவர் கண்ணை மூடினார். இறக்கப் பார்த்தார். இறங்கவில்லை. அழுத்தம் இடது தோளுக்குப் போய், முழங்கைக்குள் இறங்கி, அங்கேயே நின்றுகொண்டது.

"மாப்ளே, இது அது இல்ல."

"அதேதான் மாமா. ஒவ்வொரு தடவையும் இதைத்தான் சொல்றீங்க. மூச்சை விடுங்க. இறக்கு..."

அவன் சொல்வதும் நியாயம்தான். ஒவ்வொரு தடவையும் அவர் அதைத்தான் சொல்லியிருக்கிறார். எத்தனை தடவை புலி புலி என்று கத்தினாரோ! இப்போது இங்கே உட்கார்ந்துகொண்டு எப்படி நம்பவைப்பது? ஏதோ சரியில்லை, எப்போதும் இருக்கிற ஒன்று இன்றைக்கு இல்லை என்று மட்டும் தெரிந்தது. என்ன அது? கண்ணைத் திறந்து காலடிக் கண்ணாடியைப் பார்த்தார். கீழே மணல், கம்பி, சிமென்ட் மூட்டை. அவ்வளவுதான். முகம் இல்லை.

விசில்காரன் வரவில்லை.

நாலு வருஷமாக எந்த முகத்தைக் கண்டு நடுங்கினாரோ, அந்த முகம் வராததைக் கண்டு அதற்கு மேல் நடுங்கினார். அவன் இல்லாமல் பயம் வந்ததே கிடையாது. அப்படியென்றால் வந்திருப்பது பயம் இல்லை.

"மாப்ளே... கேளு. எனக்கு அது வர்றப்பெல்லாம் விசில்காரன் முகம் வரும். கீழ இருந்து மேல பாப்பான். உன்கிட்டகூட சொன்னதில்ல. ஒரு தடவைகூட வராம இருந்ததில்ல. இன்னிக்கு வரல. வெறும் வலி மட்டும்தான் இருக்கு. அவன் வரல மாப்ளே."

அடுத்த நொடி தளம் முழுக்கக் கேட்கிற பொதுச் சேனலில் அவன் அலறினான்: "கிரேன்ல ஆளுக்கு நெஞ்சு வலி! ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க! ஃபயர் சர்வீஸைக் கூப்பிடுங்க!" நாலு வருஷ ரகசியம் அந்த ஒரு கத்தலில் உடைந்தது. வேலை போனால் போகட்டும் என்று அவருக்கும் தோன்றியது. மூச்சு இருந்தால் போதும்.

பிறகு நடந்ததைக் காலடிக் கண்ணாடி வழியாகத்தான் பார்த்தார். ஒரு மஞ்சள் ஹெல்மெட் ஏணியில் ஏறிக்கொண்டிருந்தது. நாலு படி ஏறும், கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கும், மறுபடி ஏறும். வேறு யாராவது தொழிலாளி என்றுதான் முதலில் நினைத்தார். பாதி உயரம் வந்தபோது முகம் தெரிந்தது. முக்காலியில் ஏறாத மச்சினன்! கீழே பார்த்தால் விழுந்துவிடுவோம் என்ற பயத்தில் மேலேயே பார்த்துக்கொண்டு ஏறினான். நிமிர்ந்த முகம், திறந்த வாய். விசில்காரன் முகம் வருகிற அதே கண்ணாடிக்குள் இப்போது இவன் முகம். கை தவறினால்? "வேணாம்டா, இறங்கு" என்று கத்தப் பார்த்தார். குரல் வரவில்லை. தன் நெஞ்சை மறந்து அவனுக்காகப் பயந்தார்.

கதவைத் திறந்துகொண்டு அவன் உள்ளே விழுந்தான். முகத்தில் ஈயாடவில்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்தான். ஆம்புலன்ஸ் ஆட்கள் போனில் சொல்ல, தளத்து முதலுதவிக்காரர் கொடுத்தனுப்பியது.

"மெல்லுங்க மாமா. முழுங்காதீங்க, மெல்லுங்க. என்னைக் கீழ மட்டும் பாக்கச் சொல்லாதீங்க."

ஆஸ்பத்திரி வந்து சேர்ந்த கதை பெரிய கதை. பக்கத்து நடமாடும் கிரேனில் ஆள் தூக்கும் கூடையைக் கட்டி, தீயணைப்பு ஆட்கள் அவரை இறக்கினார்கள். மச்சினனையும் அப்படித்தான் இறக்க வேண்டியிருந்தது. ஏறினவனுக்கு இறங்கத் தெரியவில்லை, கண்ணை மூடிக்கொண்டு கூடைக் கம்பியைக் கட்டிப்பிடித்து வந்தான். இதயத்தின் ரத்தக்குழாய் ஒன்று அடைத்திருந்தது. கையின் வழியாகக் குழாயை விட்டு, அடைப்பைத் திறந்து, ஸ்டென்ட் வைத்தார்கள்.

மறுநாள் இதய டாக்டர் வந்தார். அதட்டாமல் பேசுகிற நடுவயதுப் பெண்மணி. மனைவி கட்டிலோரம் நின்று, அழுது வீங்கிய கண்ணோடு, மனதில் குடைந்துகொண்டிருந்ததைக் கேட்டாள்.

"நாலு வருஷமா பயம்தான் பயம்தான்னு சொன்னாங்களேம்மா. நெஞ்சுல ஒண்ணுமே இல்லன்னாங்களே. அப்ப பொய்யா சொன்னாங்க?"

"பொய் இல்லம்மா. அன்னிக்கு நிஜமாவே ஒண்ணும் இருந்திருக்காது," என்றார் டாக்டர். "ஆனா பயம்னா அது மனசுக்குள்ள மட்டும் நடக்கற சமாச்சாரம் இல்ல. ஒவ்வொரு தடவையும் உடம்பு உயிரைக் கையில பிடிச்சுட்டு ஓடறதுக்குத் தயாராகுது. இதயம் வேகமா அடிக்குது, ரத்தக்குழாய் இறுகுது, அழுத்தம் ஏறுது. என்னிக்கோ ஒருநாள்னா உடம்பு தாங்கிக்கும். வருஷக்கணக்கா நடந்தா? கூடவே தூக்கம் இல்ல, சிகரெட் வேற. இந்த மாதிரி பயம் இருக்கற எல்லாருக்கும் அட்டாக் வரும்னு சொல்லமாட்டேன். இவருக்கு இதனாலதான் வந்துச்சுன்னும் அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா வர்ற வாய்ப்பு மத்தவங்களைவிட அதிகம். பயத்துக்கும் வைத்தியம் இருக்கு. அதைப் பண்ணாம விட்டுட்டீங்க."

"இனிமே எனக்கு எது எதுன்னு தெரிஞ்சுடும் டாக்டர்," என்றார் அவர். "முகம் வந்தா பயம். வரலன்னா நெஞ்சு."

டாக்டர் சிரிக்கவில்லை. "அந்தக் கணக்கை நம்பாதீங்க. இந்தத் தடவை உங்க அதிர்ஷ்டம். அடுத்த தடவை வலியோட முகமும் சேர்ந்தே வரலாம். மார்ல வலி வந்தா யார் வந்தாலும் வராட்டியும் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க. யாரும் உங்களைப் பாத்துச் சிரிக்கமாட்டாங்க. முகம் வருதுங்கிறதை மனநல டாக்டர்கிட்ட சொல்லுங்க. நான் எழுதித் தர்றேன்."

வீட்டுக்கு வந்த பிறகு பயம் இரட்டிப்பாகிவிட்டது. முன்பு செத்துவிடுவோம் என்று பயந்தபோது, இல்லை என்று சொல்ல ஒரு சுத்தமான இசிஜி இருந்தது. இப்போது அந்த ஆறுதலும் இல்லை. மாடிக் குடியிருப்பின் கூடத்தில் நடந்தார், ஜன்னலோரம் உட்கார்ந்தார், மணிக்கட்டில் நாடியைத் தொட்டுத்தொட்டுப் பார்த்தார். சிகரெட்டை விட்டாகிவிட்டது. மனநல டாக்டரைப் பார்க்க மட்டும் "இந்த வாரம் வேண்டாம், உடம்பு தேறட்டும்" என்று நாள் கடத்தினார்.

ஒரு விடுமுறை நாள், பகல். மச்சினன் வந்திருந்தான். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். தெருமுனையில் போக்குவரத்துப் போலீஸ்காரர் விசில் அடித்தார். அவருக்குக் கை வியர்த்தது. நெஞ்சு அடித்துக்கொண்டது. மச்சினன் அவர் முகத்தைப் பார்த்தே எழுந்து பக்கத்தில் வந்தான். வாய் தானாக, "மெதுவா... இற..." என்று ஆரம்பித்துப் பாதியில் நின்றது. தன் குரலைக் கேட்டு அவனே பயந்துவிட்டான். அன்றைக்கு ஒரு நிமிஷம் கூடுதலாக "இறக்கு" சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அவனும் மறக்கவில்லை.

"வலி இருக்கா மாமா?"

"வலி இல்ல. படபடப்பு."

"அவரு வந்திருக்காரா?"

"வந்திருக்கான்."

மச்சினன் பெருமூச்சு விட்டான். "அப்பாடா. அப்ப நல்லது."

மனைவி மடித்த துணியை அப்படியே போட்டாள். "யாருடா வந்திருக்கா? என்ன நல்லது?"

தப்பிக்க வழியில்லை. சொன்னார். குக்கர் விசிலில் ஆரம்பித்து, குவிந்த உதடு வரைக்கும், மூச்சு வாங்க வாங்க எல்லாவற்றையும் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"சத்தம் பிடிக்கலைன்னு நினைச்சுக் குக்கரைப் பரண்ல போட்டேங்க. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நாலு வருஷமா அவர் இந்த வீட்டுல இருந்திருக்காரு. எனக்குத் தெரியாம யாருக்குங்க சோறு போட்டேன் நான்?" அழுதாள். அழுதுகொண்டே எழுந்து அவருடைய சட்டையை எடுத்து வந்தாள். "எழுந்திருங்க. இன்னிக்கே போறோம்."

"இது வெறும் பயம்மா. வலி இல்ல."

"வெறும் பயமா? ஆஸ்பத்திரில அந்த அம்மா அவ்வளவு சொன்னாங்களே, உங்க ரெண்டு பேருக்கும் காது எங்க போச்சு? வலி வந்தா ஆம்புலன்ஸ். அவர் வந்தா அந்த இன்னொரு டாக்டர். கிளம்புங்க."

விடுமுறையில் டாக்டர் இருப்பாரா என்று கேட்கும் துணிவு இரண்டு ஆண்களுக்கும் இல்லை. இல்லாவிட்டால் அந்த வாசலிலேயே இவள் உட்கார்ந்துவிடுவாள் என்பது மட்டும் தெரிந்தது. மாடிப்படியில் மனைவி பின்னாலிருந்து அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். மச்சினன் முன்னால் இரண்டு படி இறங்கி, கைப்பிடிச் சுவரை இறுகப் பற்றிக்கொண்டு, திரும்பி நிமிர்ந்து அவரைப் பார்த்தான். மாடிப்படி என்றால் அவனுக்கு இப்போதும் நடுக்கம்தான்.

"மெதுவா மாமா... இறங்குங்க... அவசரமே இல்ல..."

நெஞ்சு இன்னும் அடித்துக்கொண்டுதான் இருந்தது. அடுத்த அடி எப்படிப் போகும் என்று யாராலும் அவருக்குச் சொல்ல முடியாது. கீழிருந்து நிமிர்ந்து பார்க்கிற அந்த முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல், ஒரு படி இறங்கினார். அப்புறம் இன்னொரு படி.